எந்த ‘உப்பு’ பார்த்தீர்கள்? சர்க்கரை உள்ளவர்களுக்கான கிட்னி சோதனைகள் ஓர் ஒப்பீடு

நம் ஊரில் கிட்னி விஷயம் எதுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான்: உப்பு. மாசமாக இருக்கும் பெண்ணின் சிறுநீரில் புரதம் தெரிந்தால் ‘உப்பு போகுது’. டயாலிசிஸ் வார்டு வாசலில் காத்திருப்பவரைக் கேட்டால் ‘உப்பு எட்டுக்கு ஏறிடுச்சு’ என்பார். முதலில் சொன்னது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். இரண்டாவது ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் என்ற கழிவு. இரண்டுக்கும் சாம்பாரில் போடும் உப்புக்கும் உறவு கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதில் ஒரு வம்பு இருக்கிறது. ‘உப்பு பார்த்தாச்சு, நார்மல்’ என்று யாராவது சொன்னால் எதைப் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பல நேரம் சொல்பவருக்கும் தெரியாது.

என் அம்மாவுக்கு 65 வயது. சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் ஒரு லேபில் பேக்கேஜ் எடுப்பார், ரிப்போர்ட்டை அதே பச்சை ஃபைலில் சொருகி வைப்பார். ஒவ்வொரு தாளிலும் ‘யூரின் ஆல்புமின்: நில்’, அதாவது இல்லை. அதற்கு மேலே கிரியாட்டினின் 1.0, அடுத்த வருடம் 1.1. எல்லாம் நார்மல். போன வருடம் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். விழித்திரையில் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு இருப்பதைப் பார்த்த டாக்டர், “யூரின் ஏசிஆர் கடைசியா எப்போ பார்த்தீங்க?” என்று கேட்டார். ஏசிஆர் என்றால் சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரு தடவைகூட இல்லை. மறுநாள் எடுத்தோம். 180 என்று வந்தது. 30-க்குள் இருக்க வேண்டியது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அத்தனை வருட ‘நில்’ எப்படி ஒரே நாளில் 180 ஆனது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன், தெரிந்த டாக்டர்களையும் ஒரு லேப் டெக்னீஷியனையும் நச்சரித்தேன். தெரிந்துகொண்டதை, ‘இதில் எதை எடுப்பது?’ என்று குழம்புகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பேக்கேஜ்களில் இருக்கும் ‘யூரின் ரொட்டீன்’ பெரும்பாலும் டிப்ஸ்டிக். பிளாஸ்டிக் குச்சியில் சின்னச் சின்னச் சதுரமாக ரசாயனத் தாள் ஒட்டியிருக்கும். சிறுநீரில் முக்கி எடுத்தால், புரதத்துக்கான சதுரம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். டப்பாவின் பக்கவாட்டில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டு நில், டிரேஸ், ஒன் பிளஸ், டூ பிளஸ் என்று எழுதுவார்கள். ஒரு நிமிட வேலை, செலவும் சொற்பம். அதன் கோளாறு ஒன்றுதான்: கண் மந்தம். ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் புரதம் வந்தால்தான் ஒன் பிளஸ் காட்டும். சர்க்கரையால் கிட்னி கெடுவதோ அதற்கு வெகு முன்னாலேயே, வடிகட்டியில் மெல்லிய கசிவாகத் தொடங்குகிறது. அந்தக் கசிவுக்கட்டத்தில் குச்சிக்கு ஒன்றும் தெரியாது.

எத்தனை பேர் இப்படித் தப்பிப் போவார்கள்? சென்னையில் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு அந்த மெல்லிய கசிவு இருந்தது. முற்றிய புரதக் கசிவு இருந்தவர்கள் 2.2 சதவீதம். குச்சி பிடிப்பது இந்த இரண்டு பேரைத்தான். மீதி இருபத்தேழு பேரில் பெரும்பாலோர் என் அம்மா மாதிரி ‘நில்’ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதற்காகக் குச்சியைத் திட்டவும் மனம் வரவில்லை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தன் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு அருகே கிராமங்களில், சுமார் 25,000 மக்களிடையே ஒரு வேலை செய்தார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் கையில் டிப்ஸ்டிக்கூடக் கிடையாது. புரதத்துக்கு, சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள், சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல், அப்புறம் பிரஷர். அவ்வளவுதான். அந்தப் பழைய, மலிவான முறையிலேயே நோயாளிகளைக் கண்டுபிடித்து, மலிவான மாத்திரைகளால் பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. ஊரில் யாருமே பார்க்காத இடத்தில் மந்தமான கண்ணும் பெரிய வரம். வருடாவருடம் பணம் கட்டி லேபுக்குப் போகிறவர் அதோடு திருப்தியடைவதுதான் நஷ்டம்.

குச்சியைப் பற்றி நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு: பிளஸ் காட்டினால் விடாதே, நில் காட்டினால் நம்பாதே.

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. அம்மா எடுத்த பேக்கேஜில் வயிற்று ஸ்கேனும் உண்டு. ஸ்கேனுக்கு மூத்திரப் பை நிறைய வேண்டும் என்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். குடித்து, ஸ்கேன் முடித்து, அப்புறம் அதே அவசரத்தில் யூரின் டப்பாவை நிரப்பிக் கொடுப்பார். பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் குச்சியை முக்கினால் என்ன தெரியும்?

கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் ஆல்புமின் இருக்கிறது என்று வையுங்கள். குச்சி ஒருவேளை டிரேஸ் காட்டலாம். தண்ணீர் குடித்த பிறகு அதே ஆளின் சிறுநீரில் அது 45-க்கு இறங்கிவிடும். குச்சிக்கு நில். கிட்னி ஒரு மணி நேரத்தில் குணமாகிவிடவில்லை, தண்ணீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏசிஆர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அதே சாம்பிளில் ஆல்புமினையும் கிரியாட்டினினையும் சேர்த்து அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறார்கள். காலையில் கிரியாட்டினின் லிட்டருக்கு ஒரு கிராம் இருந்தால் விகிதம் 150. தண்ணீர் குடித்த பிறகு கிரியாட்டினினும் 0.3 கிராமாக இறங்கியிருக்கும். 45-ஐ 0.3-ஆல் வகுத்தால் மறுபடியும் 150. தண்ணீர் எவ்வளவு கலந்தாலும் விகிதம் ஏறக்குறைய மாறாது. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300-க்கு மேல் போனால் கடுமையானது.

லேபில் கேட்கும்போது ஒரு வார்த்தை கவனம். ‘மைக்ரோஅல்புமின்’ என்று மட்டும் சீட்டில் எழுதினால், சில இடங்களில் ஆல்புமினை மட்டும் அளந்து லிட்டருக்கு இத்தனை என்று கொடுத்துவிடுவார்கள். குச்சியைவிடக் கூர்மையான கண்தான், ஆனால் தண்ணீர் பிரச்சினை அப்படியே இருக்கும். ‘ஏசிஆர்’ அல்லது ‘ஆல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ’ என்று எழுதச் சொல்ல வேண்டும். அலகையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மில்லிகிராமுக்கு மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் கிராமுக்கு மில்லிகிராம் என்பதும் அதுவும் ஒன்றே, பயப்பட வேண்டாம். மில்லிமோலுக்கு என்று போட்டிருந்தால் கதை வேறு, அதில் எல்லைக்கோடு 30 இல்லை, 3. வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போய் வரும் பெற்றோரின் ஃபைல்களில் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே 9 என்று வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 80.

ஏசிஆருக்கும் குறை உண்டு. இன்றைக்கு 180 காட்டுவது அடுத்த மாதம் 120 காட்டலாம், 220-உம் காட்டலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, தாறுமாறாக ஏறிய சர்க்கரை அல்லது பிரஷர் என எது இருந்தாலும் எண் எகிறும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாருக்கும் கிட்னி நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டு தடவையாவது 30-ஐத் தாண்டியிருந்தால்தான் உறுதி. அம்மாவுக்கு அடுத்தடுத்து 140, 165 என்று வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

சரி, ரத்தப் பக்கம் வருவோம். கிரியாட்டினின் எல்லாப் பேக்கேஜிலும் இருக்கும், விலையும் குறைவு. அதனால் ‘கிட்னி டெஸ்ட்’ என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. ஆனால் கிட்னியின் வேலைத்திறன் கிட்டத்தட்டப் பாதி போன பிறகுதான் பலருக்கும் இந்த எண் நார்மல் எல்லையைத் தாண்டுகிறது. காரணம், கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்குக் கழிவு உற்பத்தியும் குறைவு, கிட்னி மெதுவாக வடிகட்டினாலும் ரத்தத்தில் எண் ஏறாது.

எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அம்மாவின் கிரியாட்டினின் 1.1. சித்தி மகனுக்கு வயது 28, தினம் ஜிம்முக்குப் போகிறவன், வேலையில் சேர மெடிக்கல் எடுத்தபோது அவனுக்கும் அதே 1.1. இரண்டு தாளிலும் நார்மல் என்றுதான் இருந்தது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, இப்போது பரவலாகப் பயன்படும் 2021-ஆம் ஆண்டு சிகேடி-எபி சூத்திரத்தில் போட்டால் அவனுக்கு ஈஜிஎஃப்ஆர் 94 வருகிறது. அம்மாவுக்கு 56. ஈஜிஎஃப்ஆர் என்பது கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே 1.1, ஒருவருக்குக் கவலையே இல்லை, இன்னொருவருக்கு மூன்றாம் கட்டம்.

இதற்குத் தனிச் சோதனை எதுவும் தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். கிரியாட்டினின் எண் கையில் இருக்கிறது, மிச்சம் வெறும் கணக்கு. பல லேப்கள் இப்போது அச்சிட்டே தருகின்றன. தராத லேபானால் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் போனில் ஒரு கால்குலேட்டரில் போட்டுக்கொள்ளலாம். லேபுக்கு லேப் சூத்திரம் மாறும் என்பதால் வருடாவருடம் ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. முந்தின ராத்திரி மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாலும் எண் கொஞ்சம் ஏறும்.

மீதிச் சோதனைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரச் சிறுநீர் ஒரு காலத்தில் உரைகல்லாக இருந்தது. காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை ஒரு சொட்டு விடாமல் ஐந்து லிட்டர் கேனில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு பஸ் பயணம், ஒரு மறதி போதும், கணக்கு கெட்டுவிடும். சிறுநீரக மருத்துவர் காரணத்தோடு கேட்டால் செய்யலாம். வருடாந்தரப் பரிசோதனைக்கு இது வேண்டாத பாடு.

சிஸ்டாட்டின் சி என்ற ரத்தச் சோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. மிகவும் மெலிந்த முதியவர், கால் அகற்றப்பட்ட சர்க்கரை நோயாளி, ஜிம் பையன்கள் இவர்களிடம் கிரியாட்டினின் பொய் சொல்லும்போது இது உண்மையைச் சொல்லும். ஈஜிஎஃப்ஆர் 45-க்கும் 59-க்கும் நடுவில் இருந்து, ஏசிஆர் சுத்தமாக இருந்தால் இதை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதையும் ஏமாற்றும், விலையும் அதிகம், சின்ன ஊர்களில் சாம்பிளை வெளியூருக்குத்தான் அனுப்புவார்கள். முதல் சோதனையாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

ஸ்கேன்மேல் நம்மவர்களுக்கு இருக்கும் மரியாதை வேறெதிலும் இல்லை. படம் வருகிறதே! ஆனால் சர்க்கரையால் கிட்னி கெடும்போது ஆரம்பத்தில் அதன் அளவு நார்மலாகவே இருக்கும், சிலருக்குச் சற்றுப் பெரிதாகக்கூட இருக்கும். ஸ்கேனில் ‘இரண்டு கிட்னியும் நார்மல்’ என்று வருவதற்கும் வடிகட்டி நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. கல், அடைப்பு, பிறவியிலேயே சுருங்கிய கிட்னி இவற்றுக்கு ஸ்கேன் வேண்டும். சர்க்கரைக்கான சல்லடை அது கிடையாது. பேக்கேஜில் ஸ்கேனை எடுத்துவிட்டு அந்தக் காசில் ஏசிஆர் சேருங்கள் என்று சொன்னால் லேப்காரர் முகம் மாறும், ஆனால் செய்து கொடுப்பார். நான் செய்ய வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் ஏசிஆர், ஈஜிஎஃப்ஆர் இரண்டில் ஒன்று போதாதா? போதாது. இரண்டும் இரண்டு கேள்விக்குப் பதில். ஏசிஆர், வடிகட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று சொல்கிறது. ஈஜிஎஃப்ஆர், வடிகட்டி இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்கிறது. ஈஜிஎஃப்ஆர் 95 இருக்கும்போதே ஏசிஆர் 200 இருக்கலாம், பிடிக்க வேண்டிய நல்ல நேரம் அதுதான். தலைகீழாகவும் நடக்கும். டைப் 2, அதாவது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை, உள்ளவர்களில் கணிசமானோருக்குப் புரதமே கசியாமல் ஈஜிஎஃப்ஆர் மட்டும் இறங்கிக்கொண்டு போகிறது. அவர்களை ஏசிஆர் கோட்டைவிட்டுவிடும். சர்வதேச வழிகாட்டி அமைப்பான கேடிகோ இரண்டையும் ஒரே கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுத்திருப்பது இதனால்தான். அம்மாவின் 56-உம் 165-உம் சந்திக்கும் கட்டம் ஆரஞ்சு. ஈஜிஎஃப்ஆர் மட்டும் பார்த்திருந்தால் மஞ்சள், ஏசிஆர் மட்டும் பார்த்திருந்தாலும் மஞ்சள்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் டைப் 1-க்கும் டைப் 2-க்கும் வித்தியாசம் உண்டு. டைப் 1 குழந்தைகளுக்கு நோய் தொடங்கிய நாள் ஏறக்குறையத் தெரியும், அதனால் ஐந்து வருடம் கழித்துத் தொடங்கினால் போதும். டைப் 2 எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த நாளுக்குப் பல வருடம் முன்பே சத்தமில்லாமல் இருந்திருக்கும். ஆகவே சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே ஏசிஆரும் கிரியாட்டினினும். பிறகு வருடம் ஒரு முறை. நிறம் மாறிவிட்டால் டாக்டர் சொல்கிறபடி அடிக்கடி. அம்மாவுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

“தெரிந்து என்ன ஆகப் போகிறது, கடைசியில் டயாலிசிஸ்தானே?” என்று கேட்ட உறவினர்கள் உண்டு. முப்பது வருடம் முன்பு அந்த விரக்தியில் நியாயம் இருந்தது. 2001-இல் லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் சர்க்கரை நோயாளியின் கிட்னி கெடுவதைத் தாமதப்படுத்தும் என்று பெரிய ஆய்வுகள் காட்டின. 2019-இல் கானாகிளிஃப்ளோசின், 2020-இல் டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரைக்காக வந்த இந்த ‘கிளிஃப்ளோசின்’ வகை மாத்திரைகள் கிட்னியையும் காப்பாற்றுகின்றன. டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில், கிட்னி பாதியாகச் சரிவது, செயலிழப்பது, கிட்னியாலோ இதயத்தாலோ சாவது இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததே ஏசிஆரும் ஈஜிஎஃப்ஆரும் பார்த்துத்தான். 2020 அக்டோபரில் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை முடிந்து நம் கம்பெனிகள் வரிசைகட்டி வந்ததில் விலை நன்றாக இறங்கிவிட்டது.

இந்த மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதத்துக்குள் என்றால் பொதுவாக டாக்டர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வடிகட்டிமேல் இருந்த அழுத்தம் குறைந்ததன் அடையாளம் அது. ‘சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்’ என்ற பயம் நம்மிடம் ஏற்கெனவே ஊறிப்போனது, இந்த ஏற்றத்தைப் பார்த்ததும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு லேகியம் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும். கிட்னியை நிஜமாகவே கெடுப்பது மூட்டுவலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி. ஆனால் மாத்திரை கையில் வந்துவிட்டதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதும் எளிது. பக்கத்து அரசு மருத்துவமனையில் ஏசிஆர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வருடத்துக்கு ஒரு முறை சில நூறு ரூபாய் செலவு. அதுவும் முடியாதவர், காலை முதல் சிறுநீரில் குச்சி போட்டு, கிரியாட்டினினுக்கு ஈஜிஎஃப்ஆர் கணக்கும் போட்டுக்கொள்ளட்டும். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் இப்போது நடைமுறை இது. முந்தைய நாளே லேபிலிருந்து டப்பா வாங்கி பாத்ரூம் ஷெல்ஃபில் வைத்துவிடுவேன். அம்மா காலையில் எழுந்ததும், தண்ணீர் குடிக்கும் முன், முதல் சிறுநீரின் நடுப்பகுதியைப் பிடித்து மூடிவைப்பார். லேபில் டப்பாவைக் கொடுத்து ரத்தமும் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் இட்லி. சீட்டில் இரண்டே வரி: ‘யூரின் ஏசிஆர்’, ‘சீரம் கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆருடன்’. போன மாத ரிப்போர்ட்டில், முன்பு 165 இருந்த ஏசிஆர் 90-க்கு இறங்கியிருந்தது, ஈஜிஎஃப்ஆர் 54. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “உப்பு குறைஞ்சிருக்கா?” எந்த உப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன். “யூரின் உப்பு” என்றார்.